சுயதொழிலில் இருப்பவருக்குக் குழந்தை: காப்பீடா, கையிருப்பா, கடனா?

மகள் பிறந்து பத்து மாதம் ஆகிறது. நான் வீட்டிலிருந்தே புத்தக வடிவமைப்பு வேலை செய்கிறேன். சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க முதலாளி என்று யாரும் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு ஒப்பந்தம் குறைந்தது 14 வார விடுப்பு என்கிறது. ஆனால் அது வேலையில் அமர்த்தப்பட்ட பெண்களுக்கானது. நம் விடுப்பை நாமேதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கான பணத்தையும் நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தபோது நான்கு வழிகளை யோசித்தேன். மகப்பேறு காப்பீடு, தனியாகச் சேர்க்கும் கையிருப்பு, வங்கியில் ஓவர்டிராஃப்ட் (கணக்கில் பணம் இல்லாதபோதும் வங்கி அனுமதித்த அளவு வரை எடுத்துக்கொள்ளும் கடன்), வேலையைத் தொழில் நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது. நான் தேர்ந்தெடுத்தது கையிருப்பு. இப்போது யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கணக்கில் தவறிவிட்டேன்.

முதலில் காப்பீடு. பலரும் இதைத்தான் முதலில் தேடுகிறார்கள். மகப்பேறு பலனுக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் உண்டு. சில பாலிசிகளில் அது ஆண்டுக்கணக்கில் நீளும். கருவுற்ற பிறகு வாங்கினால் அந்தப் பிரசவத்துக்கு அது உதவுவது அரிது. கிடைக்கும் தொகைக்கும் பெரும்பாலும் உச்சவரம்பு இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது மருத்துவமனை பில்லைத்தான் கொடுக்கும், நின்றுபோன வருமானத்தைக் கொடுக்காது. சாதாரணப் பிரசவம் முன்கூட்டியே தெரிந்த செலவு. தெரிந்த செலவுக்குப் பிரீமியம் கட்டுவதும் சேர்த்து வைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரசவச் செலவை அரசே ஏற்கும் நாட்டில் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

ஒரே ஒரு இடத்தில் காப்பீட்டை விடவே கூடாது. உலகில் சுமார் பத்தில் ஒரு குழந்தை 37 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிடுகிறது. உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டில் 2020-இல் மட்டும் அப்படிப் பிறந்தவர்கள் 1.34 கோடி பேர். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் இருக்க நேர்ந்தால் எந்தக் கையிருப்பும் தாங்காது. அதனால் சாதாரண மருத்துவக் காப்பீடு கட்டாயம் வேண்டும். பிரசவச் சிக்கல்கள் அதில் அடங்குமா, குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா என்று வரி வரியாகப் படித்துப் பாருங்கள். சில பாலிசிகளில் குழந்தையைச் சேர்க்க 90 நாள் ஆக வேண்டும். சிக்கல் வந்தால் வருவதே அந்த முதல் நாட்களில்தான்.

சரி, கையிருப்புக்கு வருவோம். வீட்டுச் செலவில் மாதத்துக்கு என் பங்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஒழுங்காக நடந்தால் என் வருமானமும் அதேதான். நான்கு மாத விடுப்பு என்பதால் 400 சேர்த்தேன். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பில் அனுப்பினால் பணம் வர இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு மாதம் உட்கார்ந்து வேலை செய்ய முடியாமல் பாதி வேலைதான் முடித்தேன். அதற்கான பணம் விடுப்பின் முதல் இரண்டு மாதங்களில், மாதம் 50 வீதம் வந்தது. ஆக, கையிருப்பிலிருந்து மாதம் 50 மட்டும் எடுத்தேன். மூன்றாம், நான்காம் மாதங்களில் வரவே இல்லை, 100, 100 போனது. வேலைக்குத் திரும்பிய நாளில் இன்னும் 100 மிச்சம் இருந்தது. கணக்கு சரியாகத்தான் போகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

உண்மையான பள்ளம் அதற்கு அப்புறம்தான் வந்தது. ஐந்தாம், ஆறாம் மாதங்களில் வேலை செய்தேன், ஆனால் பணம் வரவில்லை. விடுப்பில் செய்யாத வேலைக்கு யார் பணம் அனுப்புவார்கள்? திரும்பிய இரண்டு மாதமும் குழந்தை தூங்கும் நேரத்தில் பாதி வேலைதான் ஓடியது. அதனால் ஏழாம், எட்டாம் மாதங்களில் வந்ததும் பாதிதான். மொத்தமாகக் கூட்டினால் பற்றாக்குறை 600. நான் வைத்திருந்தது 400. ஐந்தாம் மாதக் கடைசியில் கையிருப்பு காலி. குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையில் வேலை பார்க்கும் அந்த நாட்களில் பணக் கவலையும் சேர்ந்தபோது மிகவும் உடைந்து போனேன். வேறு யாருக்கும் அப்படி நேரக் கூடாது.

எனவே விடுப்பு மாதங்களை மட்டும் எண்ணாதீர்கள். பிரசவத்துக்கு முன் வேலை குறையும் மாதங்களையும், திரும்பிய பின் வேலை சூடுபிடிக்க ஆகும் மாதங்களையும் சேர்த்து எண்ணுங்கள். உங்கள் தொழிலில் பில்லுக்கும் பணத்துக்கும் நடுவே எத்தனை நாள் என்று பழைய பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். அத்தனை நாள் தள்ளித்தான் பள்ளம் வரும். விடுப்பின் தொடக்கத்தில் வரும் பழைய பாக்கியைச் செலவுக்கென்று தாராளமாக எடுக்காதீர்கள். கையில் அன்றன்றைக்குப் பணம் வாங்கும் தொழில் என்றால் இந்தத் தள்ளல் இருக்காது, பள்ளம் உடனே தொடங்கும். இன்னொன்று வரி. நல்ல வருமானம் வந்த ஆண்டுக்கான வரி, பல இடங்களில் வருமானமே இல்லாத மாதங்களில்தான் கட்ட வேண்டி வரும். அந்தப் பணத்தைக் கையிருப்போடு கலக்காமல் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். 40 வாரம் இருக்கிறதே என்றும் இருக்க வேண்டாம். 32-ஆம் வாரத்துக்குள் தொகை முழுவதும் தயாராக இருப்பது நல்லது.

ஓவர்டிராஃப்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறைந்த 200-ஐ அதிலிருந்துதான் எடுத்தேன். கருவுறும் முன்பே, வருமானம் நன்றாக இருந்தபோதே விண்ணப்பித்து அனுமதி வாங்கி வைத்திருந்ததால் கிடைத்தது. வங்கி பார்ப்பது சமீபத்திய வரவையும் வரிக் கணக்கையும்தான். விடுப்பின் நடுவில் போய்க் கேட்டிருந்தால் கிடைப்பது கடினம். முதல் திட்டமாக இதை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

வேலையை நண்பரிடம் கொடுப்பதில் என் அனுபவம் குறைவு. இரண்டு பதிப்பகங்களை மட்டும் ஒரு தோழியிடம் ஒப்படைத்தேன். பணம் முழுவதும் அவளுக்கே என்று முன்பே எழுதிக்கொண்டோம். நான் திரும்பிய முதல் வாரமே அந்த இரண்டு பதிப்பகத்தாரும் என்னிடம் வந்தார்கள். நான் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவந்த மற்ற மூன்று வாடிக்கையாளர்களில் ஒருவர்தான் வந்தார். ஐந்து பேரை வைத்து விதி சொல்ல முடியாது. என் தோழி நேர்மையானவள் என்பதும் இதில் பெரிய பங்கு. அடுத்த முறை என்றால் ஐந்தையும் அவளிடமே கொடுப்பேன்.

என் கணவர் மாதச் சம்பளக்காரர். அதனால்தான் 100 என்பது என் பங்கு மட்டும். இருவருமே சுயதொழில் என்றால், அல்லது தனியாகவே குழந்தையை வளர்க்கப் போகிறீர்கள் என்றால், 600-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு மாதத்தில் திரும்புவதே கூடச் சிலருக்குச் சாத்தியமில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு வீட்டிலேயே வேலை என்பதால் அது முடிந்தது. வெளியே போய்ச் செய்யும் தொழிலில் இருப்பவர்கள் ஆறு மாத விடுப்பிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள்.