பாகு ஊறிய பீப்பாயும் பாகு ஊற்றிய பாட்டிலும்

டொரன்டோவிலிருந்து வந்த மச்சானின் பெட்டியில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. இரண்டின் முகப்பிலும் மேப்பிள் என்ற சொல் பெரிதாக இருந்ததால், ஒன்றுக்கு இரண்டாக ஒரே சரக்கை வாங்கி வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தோம். பின்பக்கச் சிற்றெழுத்தைப் படித்த பிறகே வேறுபாடு தெரிந்தது. ஒன்று மேப்பிள் மரத்தின் இனிப்புப் பாகு இருந்த பீப்பாயில் கடைசிக் காலத்தைக் கழித்த, ரை என்ற தானியத்தில் வடித்த ஹட்சன் ரை விஸ்கி, ஆல்கஹால் 46 சதவீதம். மற்றது கனடிய விஸ்கியில் பாகையே கலந்து செய்த லிக்கர் என்ற இனிப்பு மது, 30 சதவீதம். பெருமாள்மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா, ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும் என்று தம் அலமாரியிலிருந்து பால்வெனி டபுள்வுட்டை எடுத்து வைத்தார். போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாய்களில் முதிர்ந்து, பிறகு ஒலரோசோ ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயினின் பீப்பாயில் 9 மாதம் ஊறி வருகிற 12 ஆண்டு ஸ்காட்ச் அது, 40 சதவீதம். ஹட்சனும் பால்வெனியும் இப்போது வில்லியம் கிராண்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், போட்டியில் பாதி அண்ணன் தம்பிச் சண்டைதான்.

சுவைக்குப் போகுமுன் பீப்பாயின் கதையைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் போர்பனையும் ரையையும் உட்புறம் கரித்த புது ஓக் பீப்பாயில்தான் இட வேண்டும் என்பது சட்டம். ஆகவே ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் அந்த வேலைக்கு மறுபடி உதவாது. சுமார் 200 லிட்டர் கொள்ளும் காலிப் பீப்பாய்கள் ஏராளமாக மிஞ்சுகின்றன. ஹட்சனைத் தயாரிக்கும் நியூயார்க் மாநிலத்தின் டட்டில்டவுன் வடிசாலை தன் காலிப் பீப்பாய்களை வெர்மான்ட் மாநிலத்துப் பாகு காய்ச்சுபவருக்கு அனுப்பியது. அவர் அதில் பாகை ஊற வைத்து விஸ்கி மணமேறிய பாகாக விற்றார். பாகு வடிந்த பீப்பாய் வடிசாலைக்கே திரும்பி வந்து ரை விஸ்கியை ஏற்றுக்கொண்டது. பாகும் எளிதில் கிடைக்கும் பொருள் அன்று. மேப்பிள் மரத்து நீரில் இரண்டு சதவீத அளவுக்கே சர்க்கரை இருப்பதால், ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் நீரைக் காய்ச்ச வேண்டும். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கின் வலி புரியும். பதநீரின் இனிப்பு இதைப்போலப் பல மடங்கு.

ஸ்காட்லாந்தில் இவ்விதம் செய்துவிட்டு அதற்கு ஸ்காட்ச் என்று பெயரிட முடியாது. பீப்பாய் விதிகளை 2019இல் தளர்த்தியபோதும், ஒயின், பீர், வடித்த மது ஆகியவை இருந்த பீப்பாய்களுக்கே அனுமதி கிடைத்தது. பாகுப் பீப்பாய்க்கு அதில் இடமில்லை.

மூன்று கண்ணாடிக் கோப்பைகளிலும் அரை பெக் அளவு ஊற்றினோம். தை மாதத்துக் குளிரில் விஸ்கியின் மணம் எளிதில் எழாது என்பதால், கோப்பையை உள்ளங்கையில் பொதிந்து சில நிமிடம் சூடேற்ற வேண்டியிருந்தது. ஹட்சனை முகர்ந்த சித்தப்பா, "வெந்தயம் வறுத்த வாணலி மாதிரி இருக்கேப்பா" என்றார். காப்பிக்கொட்டை வறுபடும் பதத்தை மூக்கால் அளந்தே பழகியவர் என்பதால் நான் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. அவர் சொன்னதில் வேதியியலும் இருக்கிறது. வெந்தயத்துக்கு அந்த வாசனையைத் தரும் சோட்டலோன் என்ற சேர்மம் மேப்பிள் பாகிலும் உண்டு. செயற்கை மேப்பிள் மணம் தயாரிக்க வெந்தயச் சாறு பயன்படுவதும் அதனால்தான். நாள்பட்ட ஷெர்ரியிலும் அதே சேர்மம் இருக்கிறது என்பதை அறிந்தபின் பால்வெனியை முகர்ந்தால், காய்ந்த திராட்சைக்கும் தேனுக்கும் அடியில் அந்தச் சாயல் மெலிதாகத் தட்டுப்படுகிறது.

வாயில் வைத்தபோது ஹட்சன் நாங்கள் எதிர்பார்த்த அளவு இனிக்கவில்லை. மூக்கு பாகு என்று சொல்ல, நாக்கு மிளகும் கரித்த மரமும் என்று சொன்னது. விழுங்கிய பிறகு கருப்பட்டி அடிப்பிடித்த பாத்திரத்தின் இளங்கசப்பு தொண்டையில் நின்றது. எனக்கு அந்த முரண் மிகவும் பிடித்திருந்தது. ரை தானியத்தின் காரமும் வறட்சியும் இல்லாத மென்மையான விஸ்கியை இதே பீப்பாயில் இட்டிருந்தால் இந்தச் சமநிலை வந்திருக்காது என்றே நினைக்கிறேன். லிக்கரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை: முதலில் பாகு, இடையில் பாகு, கடைசியில் தொலைவில் எங்கோ விஸ்கி. மது பழகாத விருந்தினர் விரும்பக்கூடும்.

எஞ்சிய இனிப்பு எவ்வளவு என்று அறிய, எவர்சில்வர் தட்டில் மூன்றிலிருந்தும் ஒவ்வொரு துளி விட்டு இரவு முழுதும் வைத்தோம். காலையில் பால்வெனி இருந்த இடத்தில் மங்கலான கறை மட்டும் இருந்தது. ஹட்சன் துளி விரலில் லேசாகப் பிசுபிசுத்தது. மரத்தில் ஊறியிருந்த பாகு சிறிதளவாவது விஸ்கியில் கரைந்திருக்கிறது. லிக்கர் துளியோ தட்டோடு ஒட்டிய வட்டமாக இறுகிவிட, சித்தி அதை வெந்நீர் ஊற்றித்தான் தேய்த்தெடுத்தார்.

ஒரு தேக்கரண்டி தண்ணீர் சேர்த்ததும் இரண்டு விஸ்கிகளின் நிலை மாறியது. 46 சதவீதத்தில் இருந்த ஹட்சன் அதைத் தாங்கிக்கொண்டு இன்னும் விரிந்தது. 40 சதவீதப் பால்வெனி நீர்த்துப்போனது. ஆனால் இரண்டாம் சுற்றில் நிலைமை தலைகீழாகிவிட்டது. மேப்பிள் மணம் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுவதால் மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது, அதன்பின் கோப்பையில் காரமும் மரமும் மட்டுமே மிஞ்சுகின்றன. பால்வெனியிலோ முதல் சுற்றில் கவனிக்காத ஏலமும் வறுத்த பாதாமும் அப்போதுதான் தெரிந்தன. தொட்டுக்கொள்ள வைத்திருந்த மலைப்பூண்டு வறுவல் ஹட்சனை அடியோடு கெடுத்துவிட்டது. உப்பிட்ட வறுத்த வேர்க்கடலை பொருந்தியது.

ஒரே ஒரு கோப்பைதான் என்றால் நான் ஹட்சனை எடுப்பேன், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, சில சொட்டுத் தண்ணீரோடு. பேச்சு நீளும் இரவு என்றால் பால்வெனி. மறுநாள் காலை, மீதமிருந்த லிக்கரில் ஒரு கரண்டியை மச்சான் சூடான இனிப்புப் பணியாரத்தின்மேல் ஊற்றிச் சாப்பிட்டார். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். முந்தைய இரவு கோப்பையில் இருந்ததைவிட அது அங்கே நன்றாக இருந்தது.