இரண்டு பேருக்கு ஒரே பெயர்: சி மொழியில் ஸ்டிரிங் நகலெடுக்க எதை நம்பலாம்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பால் சங்கம். காலை ஐந்தரைக்கே கேன்களோடு வரிசை நின்றுவிடும். பாலை அளந்து, கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) பார்த்து, சின்ன இயந்திரம் ஒன்று சீட்டு அடித்துத் தரும். பாலக்காடு மாவட்டம் என்றாலும் இங்கே வீட்டுப் பேச்சு தமிழ்தான். அதனால் சீட்டில் பெயர் தமிழில் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அப்புறம் பார்த்தால் இரண்டு உறுப்பினர்களுக்கு ஒரே பெயர், வாலில் ஒரு கட்டம். "எம் பேருல பாதியக் காணோமே தம்பி, காசு அவிங்களுக்குப் போயிருமா?" என்று ஒரு அக்கா கேட்டார். காசு உறுப்பினர் எண்ணை வைத்துத்தான் போகிறது. ஆனாலும் கையில் இருக்கும் சீட்டில் தன் பெயர் இல்லையென்றால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

அந்த இரண்டு பெயரையும் உதாரணத்துக்கு கிருஷ்ணமூர்த்தி, கிருஷ்ணவேணி என்று வைத்துக்கொள்வோம். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 3 பைட். மலையாளத்துக்கும் தெலுங்குக்கும் இதே கணக்கு. 'கி' நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு க ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக 6 பைட். கிருஷ்ணமூர்த்தி 45 பைட், கிருஷ்ணவேணி 33. பெயருக்கு ஒதுக்கியிருந்த பஃபர், அதாவது நினைவக இடம், 24 பைட். ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் தாராளம். சி மொழியில் ஸ்டிரிங்கின் (எழுத்துத் தொடரின்) முடிவைக் காட்டும் சுழியத்துக்கு ஒரு பைட் போனால் மீதி 23. 'கிருஷ்ண' 21 பைட்டில் முடிகிறது. அடுத்து வருவது ஒன்றில் ம, மற்றதில் வ. இந்த இரண்டுக்கும் முதல் இரண்டு பைட் ஒன்றேதான். வேறுபாடு மூன்றாவது பைட்டில் இருக்கிறது. அதுதான் வெட்டில் போய்விட்டது. அரைகுறையாக நின்ற இரண்டு பைட்தான் சீட்டில் கட்டமாகத் தெரிந்தது. நிரல் இரண்டு பெயரையும் பைட் பைட்டாக ஒப்பிட்டாலும் "சமம்" என்றே சொல்லும்.

நிரலைத் திறந்தால், எல்லாரும் பாதுகாப்பானது என்று நம்பும் ஸ்டிர்-என்-காப்பி (strncpy) என்ற நகலெடுக்கும் ஃபங்ஷன் இருந்தது. 23 பைட் எடு, 24-ஆவது இடத்தில் சுழியம் போடு. பல வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் முறைதான்.

பழைய ஸ்டிர்-காப்பியை (strcpy) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சேருமிடத்தின் அளவையே அது கேட்பதில்லை. அளவு கேட்காத இன்னொரு ஃபங்ஷனான, ஒரு வரியைப் படிக்கும் கெட்ஸை (gets) 1988-இல் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற நிரல் எப்படிப் பயன்படுத்தியது என்பது தெரிந்த கதை: பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவையின் 512 பைட் பஃபரை நிரப்பி வழியவிட்டு உள்ளே புகுந்தது. கெட்ஸை சி மொழித் தரத்திலிருந்து 2011-இல் எடுத்தேவிட்டார்கள். ஸ்டிர்-காப்பி இன்னும் இருக்கிறது.

ஸ்டிர்-என்-காப்பி இதற்கு மாற்றாகப் பிறந்தது அல்ல, இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கால யுனிக்ஸில் ஒரு கோப்பகப் பதிவு 16 பைட். அதில் கோப்பின் பெயருக்கு 14. பெயர் சிறிதென்றால் மீதியைச் சுழியத்தால் நிரப்ப வேண்டும்; சரியாக 14 என்றால் முடிவுச் சுழியமே தேவையில்லை. அந்த வேலைக்குச் செய்த கருவி இது. சாதாரண ஸ்டிரிங்குக்கு எடுத்தால் இரண்டு குணமும் தொல்லை. பெயர் நீளமானால் முடிவுச் சுழியம் இராது. சீட்டு அடிக்கும்போது அடுத்த புலத்தில் இருப்பதும் சேர்ந்து வரும். 4,096 பைட் பஃபரில் பத்து பைட் பெயரை வைத்தால் மீதி முழுவதையும் வீணாகச் சுழியமாக்கும். இதைவிடப் பெரிய குறை, வெட்டினேன் என்று அது சொல்வதே இல்லை. திருப்பித் தருவது சேருமிடத்தின் முகவரி மட்டும்.

அங்கேதான் ஸ்டிர்-எல்-காப்பி (strlcpy) மேல். டாட் மில்லரும் தியோ டி ராட்டும் வடிவமைத்தது, 1998-இல் ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் 2.4 பதிப்பில் வந்தது. அளவு பூஜ்யமாக இல்லாதவரை முடிவுச் சுழியம் கட்டாயம் இருக்கும். மூல ஸ்டிரிங்கின் முழு நீளத்தைத் திருப்பித் தரும். 45 வந்தால், பஃபர் 24, வெட்டு விழுந்தது என்று ஒரே ஒப்பீட்டில் தெரியும். இதைச் சேர்ப்பதா என்று லினக்ஸில் பரவலாகப் பயன்படும் குனு சி நூலகத்தில் வருடக்கணக்கில் வாதம் நடந்தது, 2023-இல் 2.38 பதிப்பில்தான் சேர்ந்தது. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் 2024 பதிப்பிலும் இருக்கிறது.

ஆனால் முழு நீளம் சொல்ல வேண்டுமென்றால் மூலத்தை முடிவுவரை படித்தாக வேண்டும். எங்கள் இயந்திரத்துக்குப் பெயர்கள் சீரியல் கம்பி வழியாக வருகின்றன. நடுவில் கம்பி ஆடினால் முடிவுச் சுழியம் வந்து சேராது. அப்போது ஸ்டிர்-எல்-காப்பி மூலத்தையும் தாண்டி நினைவகத்தில் படித்துக்கொண்டே போகும். சேருமிடம் பத்திரம், புறப்படும் இடம் பத்திரமில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்கள் 2015-இல் 4.3 பதிப்பில் ஸ்டிர்-எஸ்-காப்பியை (strscpy) கொண்டுவந்ததற்கு இது முக்கியக் காரணம். தேவைக்கு மேல் படிக்காது. வெட்டினால் எதிர்ம எண்ணில் பிழை தரும். 2024-இல் 6.8 பதிப்பில் ஸ்டிர்-எல்-காப்பியைக் கெர்னலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது இந்த வடிவம்தான், ஆனால் கெர்னலுக்கு வெளியே அது கையில் கிடைப்பதில்லை.

வடிவமைத்து எழுதும் எஸ்-என்-பிரிண்ட்எஃப் (snprintf) எங்கும் கிடைக்கும்; 1999-இன் தரத்திலிருந்தே இருக்கிறது. வெட்டையும் சொல்லும். எண்ணும் பெயரும் சேர்ந்து ஒரு வரி ஆக்க வேண்டுமென்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். வெறும் நகலுக்கு இது பெரிய வண்டி. சின்ன மைக்ரோகண்ட்ரோலரில் பிரிண்ட்எஃப் குடும்பமே உள்ளே வந்து இடத்தைத் தின்னும். எதை எப்படி எழுதுவது என்று சொல்லும் வடிவ ஸ்டிரிங்கின் இடத்தில் பெயரையே கொடுத்துவிட்டால் அது தனி ஆபத்து. பெயரில் ஒரு சதவீதக் குறி வந்தால் போதும்.

ஃபங்ஷன் பெயரின் கடைசியில் 'எஸ்' ஒட்டிய (strcpy_s போன்ற) மைக்ரோசாஃப்ட் பக்கத்து வகைகள் சி11 தரத்தின் விருப்ப இணைப்பில்தான் இருக்கின்றன. குனு சி நூலகத்தில் இல்லை. விண்டோஸ் மட்டும்தான் உங்கள் உலகம் என்றால் பாருங்கள்.

சரி, எதை எடுத்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சும். இவற்றில் எதற்கும் எழுத்து தெரியாது, பைட்தான் தெரியும். பைட்டின் தலையில் '10' என்ற இரு பிட் இருந்தால் அது நடுப்பைட். வெட்டும் இடத்தில் அது நின்றால், குறி தொடங்கும் பைட்டுவரை பின்னால் போய் அங்கே வெட்ட வேண்டும். கட்டம் மறைந்துவிடும். தமிழுக்கு அதுவும் போதாது. குறியின் எல்லையில் வெட்டினாலும் 'ர்' புள்ளியை இழந்து 'ர' ஆகும், 'மூ' வெறும் 'ம' ஆகும். வெட்டில் விழும் முதல் குறி துணைக்காலோ கொம்போ புள்ளியோ என்றால், அதற்கு முந்தைய மெய்யையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். அப்போதும் மிஞ்சுவது 'கிருஷ்ண'தான். இருவருக்கும்.

அதனால் இந்த இயந்திரத்தில் வெட்டுவதையே விட்டேன். ஒரு பைட்டைத் தேடும் மெம்சார் (memchr), சொன்ன அளவு பைட்டை நகலெடுக்கும் மெம்காப்பி (memcpy) இரண்டும் 1989-இன் சி தரமான சி89 காலத்திலிருந்தே எல்லாக் கம்பைலரிலும் உண்டு. முதலில் மெம்சாரைக் கொண்டு முடிவுச் சுழியத்தைத் தேடுகிறேன். வந்து சேர்ந்த பைட்டுகளின் எண்ணிக்கை, பெயர்ப் பஃபரின் அளவு, இவற்றில் எது சிறியதோ அதுவரை மட்டும். கிடைத்தால் நீளம் தெரிந்துவிட்டது, மெம்காப்பி நேராக எடுத்துவிடும். கிடைக்காவிட்டால் எதையும் எழுதாமல் பிழை.

பெயருக்கு இப்போது 91 பைட்: 30 குறி, ஒரு சுழியம். ஒரு பெயருக்கு 67 பைட் கூடுதல். 300 உறுப்பினருக்கும் சேர்த்து சுமார் 20 கிலோபைட், ஃபிளாஷில் இடம் இருந்தது. அதற்கும் மேல் நீளமான பெயர் என்றால் உறுப்பினரைச் சேர்க்கும் நாளிலேயே, செயலாளரின் திரையில், "பெயர் நீளம், சுருக்கித் தரவும்" என்று நிற்கும். எப்படிச் சுருக்குவது என்பதை அந்தப் பெயருக்கு உரியவரே பக்கத்தில் நின்று சொல்கிறார்.