அகல ரிம்மா, ஸ்பேசரா? பழைய பாக்ஸ்டருக்கு எது பொருந்தும்

பெங்களூரில் பழைய போர்ஷே பாக்ஸ்டர் ஒன்றை வாங்கி, ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்கு ஓட்டி வந்து நிறுத்தினால், பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது சொல்வார்: "வண்டி சூப்பர், ஆனா சக்கரம் உள்ளே போய் ஒடுங்கிக் கிடக்கே." அவர் சொல்வதில் தப்பில்லை. 987 என்று அழைக்கப்படும் தலைமுறையின் சாதாரண மாடல் 17 அங்குல ரிம்மில் வந்தது. முன்னால் ஆறரை அங்குல அகலம்தான், அதில் 205 மில்லி அகல டயர். ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு இது ஒல்லிதான்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, அதே காருக்குக் கம்பெனியே கூடுதல் விலைக்குக் கொடுத்த 18 அங்குல அகல ரிம்களைத் தேடிப் பிடிப்பது. இன்னொன்று, இருக்கிற ரிம்முக்கும் அதை மாட்டும் அச்சுமுனையான ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் என்ற உலோகத் தட்டு வைத்து வெளியே தள்ளுவது. பார்வைக்கு இரண்டும் ஒரே பலன் தருவதுபோல் தெரியும். கணக்குப் போட்டால்தான் வித்தியாசம் புரியும்.

17 அங்குல முன் ரிம்மின் ஆஃப்செட் 55 மில்லிமீட்டர். அதாவது, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் 55 மில்லி வெளியே தள்ளி இருக்கிறது. 18 அங்குல முன் ரிம் 8 அங்குல அகலம், ஆஃப்செட் 57. அகலம் ஒன்றரை அங்குலம் கூடியும் நடுக்கோடு நகர்வது வெறும் 2 மில்லிதான். கூடுதல் அகலம் வெளியே 17 மில்லி, உள்ளே 21 மில்லி என்று பிரிந்துவிடுகிறது. பின்னால் 8 அங்குலம் (ஆஃப்செட் 40) போய் 9 அங்குலம் (ஆஃப்செட் 43) வரும். அங்கேயும் நடுக்கோடு 3 மில்லிதான் நகர்கிறது.

அதே 17 மில்லி வெளித்தோற்றத்தை ஸ்பேசரால் வாங்க நினைத்தால் நடுக்கோடு முழுசாக 17 மில்லி வெளியே போய்விடும். டயர் அதே 205தான். பிடிமானத்துக்கு ஒரு மில்லி ரப்பர்கூடக் கூடாது. பேரிங்குக்குப் பளு கூடும். முன் சக்கரத்தின் நடுக்கோடு ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து விலகுவதால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். ஸ்டீயரிங் சொல்லும் சேதிக்காகவே வாங்கும் காரில் அதையே கெடுத்துக்கொள்வானேன்?

சரி, ஸ்பேசர் என்றாலே ஆகாதா? அப்படியும் இல்லை. போர்ஷேவே 5 மில்லி ஸ்பேசரை நீள போல்ட்டுகளோடு விற்றிருக்கிறது. 18 அங்குல ரிம் போட்ட பிறகும் வெளிப்பக்கம் கொஞ்சம் நிரம்ப வேண்டுமென்றால், நாலு சக்கரத்துக்கும் அந்த 5 மில்லி போதும். முன்னால் மட்டும், பின்னால் மட்டும் என்று வைத்தால் திருப்பத்தில் வண்டியின் சமநிலை மாறும்.

ஓசூர் நமக்குப் பக்கத்தில் இருப்பது இந்த விஷயத்தில் வரமும் சோதனையும். லேத் பட்டறைக்கு அங்கே பஞ்சமில்லை. அளவு கொடுத்தால் ஸ்பேசரைக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். கடைவது பெரிய வேலையே இல்லை. எந்த அலுமினியம், இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா, நடுத்துளை 71.6 மில்லி ஹப்பில் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்பதுதான் விஷயம். வார்ப்புத் துண்டில் கடைந்ததை நான் என் எதிரியின் வண்டிக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஹப்பிலிருந்து ரிம்மின் நடுத்துளைக்குள் நீளும் வளையத்தைக் கழுத்து என்போம்; 5 மில்லி வரை அது ரிம்மைத் தாங்க மிச்சமிருக்கும். தடிமன் ஏறினால் ஸ்பேசருக்கே தனிக் கழுத்து வேண்டும். போல்ட் 14 மில்லி விட்டம், மரையின் இடைவெளி ஒன்றரை மில்லி. குறைந்தது ஒன்பது சுற்றாவது உள்ளே ஏற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பழைய போல்ட்டையே வைத்துக்கொண்டு 15 மில்லி ஸ்பேசர் போடுகிறவர் சக்கரத்தைக் கடவுள் பொறுப்பில் விடுகிறார். போல்ட்டின் தலை உட்காரும் இடம் போர்ஷேவில் உருண்டை வடிவம், கூம்பு அல்ல. கடையில் கிடைக்கும் கூம்புத் தலை போல்ட் இறுகின மாதிரி இருக்கும், அப்புறம் தளரும்.

இவ்வளவும் அகல ரிம்முக்குச் சாதகம். ஆனால் நம் ரோடு என்று ஒன்று இருக்கிறதே. முன்னால் 205/55 டயரின் பக்கச்சுவர் உயரம் 205-இல் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மில்லி. 18 அங்குல ரிம்மில் வரும் 235/40 டயருக்கு 94 மில்லி. கிட்டத்தட்ட 19 மில்லி மெத்தை போய்விட்டது. மொத்த விட்டமும் முன்னால் 12 மில்லி குறைவதால், காரின் மூக்கு 6 மில்லி தரைக்கு இறங்கும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது பொருட்டில்லை. பென்னாகரம் வழியாக ஒகேனக்கல், தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி என்று சுற்றுகிறவர், ஊருக்கு ஊர் கைக்கு வந்தபடி போட்டிருக்கும் வேகத்தடைகளை நினைத்துக்கொள்ளட்டும். அவர் 17 அங்குலத்திலேயே இருப்பது மேல். தோற்றத்துக்கு 5 மில்லி ஸ்பேசர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். 19 அங்குல ரிம்மில் முன் பக்கச்சுவர் 82 மில்லிதான், அதைப் பற்றி நம் ஊர்ப் பக்கத்தில் பேச வேண்டியதே இல்லை. கூடுதல் பிடிமானத்தைத் தொப்பூர் கணவாயில் சோதித்துப் பார்க்கும் யோசனையும் வேண்டாம். அந்த இறக்கம் விபத்துக்குப் பேர்போனது, பின்னால் வரும் லாரிக்கு உங்கள் டயர் அளவு தெரியாது.

மூன்றாவதாக ஒரு ஆசை வரும்: போர்ஷேவின் இன்னொரு காரான 911-இன் ரிம். அதே ஐந்து போல்ட், அதே நடுத்துளை, 997 தலைமுறையின் 18 அங்குல முன் ரிம்முக்கு அளவும் அதேதான். பின் ரிம்மில்தான் சிக்கல். 10 அங்குல அகலம், ஆஃப்செட் 58. பாக்ஸ்டரின் 9 அங்குல ரிம்மைவிட உள்பக்கம் சுமார் 28 மில்லி அதிகமாக நுழையும், சஸ்பென்ஷனில் இடிக்கும் அபாயம். அதைத் தவிர்க்க 15 மில்லி ஸ்பேசர் வைத்தால் வெளிவிளிம்பு ஒன்பது அங்குல ரிம்மைவிட 13 மில்லி வெளியே வந்து நிற்கும். இத்தனை பாடுபட்டும் 911 அந்த ரிம்மில் போட்டது அதே 265/40 டயர்தான்! பேருக்கு அகலம், ரப்பரில் லாபமில்லை.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். அதே மாடலுக்குக் கம்பெனி கொடுத்த ரிம் என்றால் வாதாட ஏதாவது இருக்கும். பட்டறை ஸ்பேசருக்கு அதுவும் இல்லை.

என் தேர்வு 18 அங்குல ஒரிஜினல் ரிம், ஸ்பேசர் இல்லாமல். பழையதாக வாங்கும்போது ரிம்மின் உள்பக்கம் பொறித்திருக்கும் அகலத்தையும் ஆஃப்செட்டையும் படியுங்கள்; பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டு நெளிவு, வெல்டிங் தடயம் பாருங்கள். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் முடுக்க விடாமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் 130 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும். 5 மில்லி ஸ்பேசர் போட்டவர்கள் பழைய குட்டை போல்ட்டுகளைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்திருங்கள். என்றைக்காவது ஸ்பேசரைக் கழற்றிவிட்டு நீள போல்ட்டையே திரும்ப மாட்டினால், பின் சக்கரத்தில் அதன் நுனி உள்ளே இருக்கும் ஹேண்ட்பிரேக் பாகங்களில் போய் இடிக்கும்.