வீட்டுச் சாக்லேட்டுக்குக் காம்பவுண்டா, கூவர்ச்சரா?

வீட்டில் உருக்கிச் சாக்லேட் செய்யக் கடையில் காம்பவுண்டு, கூவர்ச்சர் என்று இரண்டு வகைச் சாக்லேட் கிடைக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கூவர்ச்சரில் இருப்பது கொக்கோ வெண்ணெய், அதாவது கொக்கோ விதையின் கொழுப்பு. காம்பவுண்டில் அதற்குப் பதிலாகப் பாம் கர்னல் (எண்ணெய்ப்பனை விதை) எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு.

காம்பவுண்டில் வேலை சுலபம், விலையும் குறைவு. உருக்கி, அச்சில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும்.

கூவர்ச்சர் அப்படி விடாது. டார்க் வகையை 45–50 டிகிரி செல்சியஸில் உருக்கி, 27–28க்கு ஆறவிட்டு, மறுபடி 31–32க்குக் கொண்டுவர வேண்டும். இதுதான் டெம்பரிங். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். நமக்கு வேண்டியது ஐந்தாவது. அது சரியாக அமைந்தால் மேலே பளபளப்பு வரும், உடைத்தால் 'டக்'கென்று சத்தம் கேட்கும். பிசகினால் மேலே வெள்ளை பூக்கும். கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள், தாராளமாகச் சாப்பிடலாம்.

சுவையில் போட்டியே இல்லை. கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகுவதால் வாயில் வைத்ததும் கரையும். காம்பவுண்டு பல சமயம் மேலண்ணத்தில் மெழுகுபோல ஒட்டிக்கொள்ளும்.

கேக்கின் மேல்பூச்சுக்குக் காம்பவுண்டு போதும். தனியாகச் சாப்பிடக் கொடுப்பதென்றால் கூவர்ச்சரே வாங்குங்கள், கூடவே ஒரு தெர்மாமீட்டரும். மிச்சம் பிடிக்க இரண்டையும் கலக்க வேண்டாம். கொழுப்புகள் ஒத்துப்போகாமல் சாக்லேட் தளர்ந்துவிடும்.