கோழிப் பெட்டிக்குப் போலி முட்டை: மலையில் எதை வாங்கலாம்?

வாங்குவதென்றால் மர முட்டை வாங்குங்கள். வாங்கிய கையோடு அதைக் கோழி முட்டையிடும் பெட்டியின் அடிப்பலகையில் திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக், பீங்கான் இரண்டும் கோழிக்குக் குறை வைக்காதவைதான். ஆனால் நீலகிரியில் கூடலூர், பந்தலூர், பர்லியாறு, கோத்தகிரியின் கீழ்ச்சரிவு போன்ற இடங்களில் அவற்றை வைக்கோல் மேல் சும்மா போட்டுவைத்தால், நிஜ முட்டையென்று விழுங்கும் பாம்பின் உயிருக்கே உலை.

போலி முட்டையின் வேலை சிறியது. ஐந்தாறு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும் வெடக்கோழிக்கு 'இதுதான் இடம்' என்று காட்டும். தேயிலைப் புதருக்குள் ஒளித்து முட்டையிடும் கோழியைப் பெட்டிக்குத் திருப்பும். தன் முட்டையைத் தானே கொத்திக் குடிக்கும் கோழிக்கு, கொத்தினால் ஒன்றும் கிடைக்காது என்று உணர்த்தும். பெட்டிக்கு ஒன்று போதும். முன்பெல்லாம் நிஜ முட்டை ஒன்றையே எடுக்காமல் விட்டுவைப்பார்கள். அது கூமுட்டையாகி வெடித்தால் நாற்றமும் எறும்பும் மிச்சம்.

பிளாஸ்டிக் முட்டை உள்ளே வெற்றிடமானது. நாட்டுக்கோழி முட்டை சுமார் 35 முதல் 45 கிராம் இருக்கும். இது அந்த எடைக்கு வருவதில்லை. கோழி காலால் கிளறியதும் உருண்டு வெளியே வந்துவிடும். இரண்டு பாதிகளை ஒட்டிய மடிப்பு பிரிந்தால் உள்ளே தண்ணீர் புகும். விலை குறைவு என்பதைத் தவிர இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பீங்கான் முட்டைதான் தோற்றத்தில் முதலிடம். எடை, குளிர்ச்சி, வழவழப்பு எல்லாம் நிஜ முட்டைக்கு மிக அருகில். சோப்புத் தண்ணீரில் கழுவினால் செள்ளுத் தொல்லையும் ஒட்டாது. சிமெண்டுத் தரையில் விழுந்தால் உடையும், அவ்வளவுதான். பாம்பே இல்லாத ஊராக இருந்தால் இதையே சொல்லியிருப்போம்.

பாம்பு முட்டையைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, மணத்தை நம்பியே முடிவெடுக்கிறது. நாக்கு காற்றிலிருந்து அள்ளிவரும் மணத்துகளை மேல்வாயில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு அறிகிறது. கோழி நாலு நாள் மேலே உட்கார்ந்த பீங்கானுக்கும் நிஜ முட்டைக்கும் மணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வெளிநாடுகளில் செல்லப்பாம்பு வளர்ப்பவர்கள் இதே பலவீனத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்: பல்லியை மட்டும் தின்று பழகிய பாம்புக்கு, பல்லியைத் தேய்த்த எலியைக் கொடுத்துப் பழக்குவார்கள். 2006இல் அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு செல்ல மலைப்பாம்பு மின்சாரப் போர்வையையே வயரோடு விழுங்கியது. 2020இல் சிட்னியில் இன்னொன்று கடற்கரைத் துண்டை விழுங்கியது. நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது 2008இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. கோழிக்கூட்டில் போலி முட்டையாக வைத்த நான்கு கோல்ஃப் பந்துகளைக் கம்பள மலைப்பாம்பு ஒன்று விழுங்கிவிட்டது. வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள்.

நல்லபாம்பு நிஜ முட்டையை முழுதாக விழுங்கும், இரைப்பையின் அமிலம் முட்டையோட்டைக் கரைத்துவிடும். முட்டை மட்டுமே தின்னும் ஆப்பிரிக்க இனத்துக்கும், இந்தியாவின் அரிய முட்டைத்தின்னிப் பாம்புக்கும் கழுத்து முள்ளெலும்பின் முனைகள் தொண்டைக்குள் நீண்டு ஓட்டை உடைக்கும். ஆப்பிரிக்க இனம் பிறகு ஓட்டைத் துப்பிவிடும். நல்லபாம்புக்கு அந்த ஏற்பாடு கிடையாது. பீங்கானோ பிளாஸ்டிக்கோ கரையாது, நொறுங்காது, குடலுக்குள் இறங்கவும் முடியாது. கக்க முடிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் அடைத்துக்கொண்டு சாகும். குளிர் மாதங்களில் பாம்பின் உடல் சூடு குறைந்து செரிமானமே மந்தமாகிவிடுவதால் நிலைமை இன்னும் மோசம்.

மர முட்டையும் சும்மா போட்டுவைத்தால் அதே கதைதான். அதன் ஒரே மேன்மை, திருகாணி ஏறும் என்பது. பூச்சு இல்லாத கெட்டி மரமாகப் பாருங்கள். பெயிண்ட் அடித்ததைக் கோழி கொத்திக் கொத்தி உரித்துவிடும். ஒரு பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். 3 மி.மீ. துரப்பணத்தால் முட்டையில் 25 மி.மீ. ஆழத்துக்குத் துளை போடுங்கள்; துளை இல்லாமல் முறுக்கினால் மரம் நார்வாக்கில் பிளந்துவிடும். 12 மி.மீ. பிளைவுட் பலகையின் அடியிலிருந்து ஒன்றரை அங்குலத் திருகாணியை வாஷரோடு ஏற்றுங்கள். பெட்டியின் பின்மூலையில் இருந்தால் கோழிக்கு இடைஞ்சல் இல்லை. அசையாத முட்டையைப் பாம்பு கவ்விப் பார்த்துவிட்டு விட்டுவிடும். நைலான் கயிற்றில் கட்டிவைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்: முட்டையோடு கயிறும் உள்ளே போனால் குடலை அறுக்கும்.

குறையும் உண்டு. தென்மேற்குப் பருவமழையிலும் மூடுபனியிலும் மரத்தில் பூஞ்சை பிடிக்கும். வெயில் கிடைக்கும் நாளில் கழற்றி, துடைத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்குச் சோம்பல்பட்டால் வாங்க வேண்டாம்.

முட்டையோடு கம்பிவலையையும் பார்த்து வாங்குங்கள். அறுகோண ஓட்டையுள்ள ஓரங்குலக் கோழிவலை இங்கே உதவாது. மெலிந்த பாம்பு உள்ளே வந்துவிடும், முட்டையை விழுங்கியபின் அதே ஓட்டையில் சிக்கிக்கொள்ளும். அரை அங்குல வெல்டு மெஷ்தான் சரி. அதில் நுழையும் அளவு குட்டிப்பாம்புக்குக் கோழிமுட்டையை விழுங்க வாய் கொள்ளாது. குஞ்சு இருக்கும் அறைக்குக் கால் அங்குலம் போடுங்கள். வெல்டு வைத்தபிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்ததா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் நம் ஈரத்துக்கு இணைப்புகளில்தான் முதலில் துரு ஏறும். நைலான் வலை வேண்டவே வேண்டாம். பாம்பு முன்னேற முன்னேறச் செதிலில் மாட்டி இறுகும், பலநேரம் உயிரோடு மீட்க முடியாது.

வயிற்றில் முட்டை அளவு புடைப்போடு பாம்பைக் கண்டால் அழுத்தவோ கக்கவைக்கவோ முயலாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிடிப்பதும் கொல்வதும் குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள். போலி முட்டை எந்தப் பொருளால் ஆனது, எத்தனை காணவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் பீங்கான் பளிச்சென்று தெரியும். பிளாஸ்டிக்கும் மரமும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

ஊட்டி உயரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே தோட்டத்தைக் கிளறும்போது வெளிவரும் மழுங்கிய வால் கொண்ட கேடயவால் பாம்பின் உணவு மண்புழு. முட்டைக்கும் கோழிக்கும் அதனால் ஒரு கேடும் இல்லை. பார்த்தால் மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.