"வீல்சேர் போட்டாச்சு" என்று ஏஜெண்ட் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்

அம்மாவுக்கு 76 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சமதரையில் மெல்ல நடப்பார், படி ஏற முடியாது. விமான டிக்கெட் போட்ட ஏஜெண்டிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். "வீல்சேர் போட்டாச்சு சார், கவலைப்படாதீங்க" என்றார். அதற்கென்று தனியாக ஒரு தொகையும் வாங்கிக்கொண்டார்.

விமானம் தள்ளி நின்றிருந்தது. பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினார்கள். வீல்சேர் தள்ளி வந்த பையன் படிக்கட்டு அடியில் நிறுத்திவிட்டு, "இவங்க ஏறிடுவாங்கன்னுதான் சார் போட்டிருக்கு" என்றான். அப்பா பின்னாலிருந்து தாங்க, நான் கையைப் பிடிக்க, அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். கம்பியை இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை சிவந்துபோயிருந்தது. சீட்டில் உட்கார்ந்த பிறகும் கால் நடுக்கம் நிற்கவில்லை. "பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்களே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பிறகுதான் விசாரித்தேன். வீல்சேர் உதவியில் முக்கியமாக மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் விமான நிறுவனங்கள் ஒரு குறியீடு வைத்திருக்கின்றன. டபிள்யூசிஎச்ஆர் என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படியும் ஏற முடியாது. டபிள்யூசிஎச்சி என்றால் சீட் வரைக்கும் ஆள் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். ஏஜெண்ட் போட்டிருந்தது முதல் வகை. அதுவும் முதல் விமானத்துக்கு மட்டும். மாறி ஏற வேண்டிய இடத்தில் அம்மா பெயரே பட்டியலில் இல்லை, முக்கால் மணி நேரம் கேட் அருகே நின்றோம். இன்னொன்று, இந்த உதவிக்கு விமான நிறுவனங்கள் பொதுவாகக் காசு வாங்குவதே இல்லை. நாங்கள் கொடுத்தது எதற்கு என்று கேட்டால் "சர்வீஸ் சார்ஜ்" என்கிறார். திருப்பித் தரவில்லை.

திரும்பும் பயணத்துக்கு ஏஜெண்டை விட்டுவிட்டேன். 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்துக்கு நேரடியாக போன் செய்து, பிஎன்ஆர் எண்ணைச் சொல்லி, எந்த வகை பதிவாகியிருக்கிறது என்று இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாகக் கேட்டேன். "படி ஏற மாட்டார்" என்று அழுத்திச் சொல்லி மாற்றச் சொன்னேன். மாற்றியதை மெயிலில் அனுப்பச் சொல்லி, பிரிண்ட் எடுத்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தேன்.

அன்றும் விமானம் தள்ளித்தான் நின்றது. ஆனால் மேலே தூக்கும் லிஃப்ட் வண்டி வந்தது. அம்மா வீல்சேரில் உட்கார்ந்தபடியே கதவு வரை போனார்.