பூப்பறிக்கிற ஹெட்லைட்டுக்கு எந்த சார்ஜர்? லீட்டோகாலா லீ-500 பற்றி

ஒடுகத்தூர் பக்கம் மல்லிகை வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் இப்போது ஹெட்லைட் இருக்கிறது. விடிவதற்குள் மொட்டைப் பறித்து வேலூர் மண்டிக்கு அனுப்பினால்தான் விலை கிடைக்கும். இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் ஆட்கள் செடிக்குள் இறங்கிவிடுவார்கள். பாதிப் பாத்தியில் லைட் மங்கினால் மொட்டு தெரியாது. செடியடியில் விரியன் கிடந்தாலும் தெரியாது. அதனால் சார்ஜரை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. நான் பயன்படுத்துவது லீட்டோகாலா லீ-500. நாலைந்து லைட் வைத்துப் புழங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் தாராளமாக வாங்கலாம் என்பேன்.

ஹெட்லைட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் 18650 லித்தியம் அயான் செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்தப் பெயர். வேலை செய்யும்போது 3.6, 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். அந்த 4.2-தான் எல்லை. நல்ல சார்ஜர் முதலில் ஒரே அளவாகக் கரண்ட் கொடுக்கும். 4.2 வந்ததும் வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு, குடம் நிரம்பும் நேரத்தில் குழாயைத் திருகுவதுபோல கரண்டைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் அடியோடு நிறுத்திவிடும். லெட் ஆசிட் பேட்டரிக்குக் கொடுப்பதுபோல இதற்குத் துளித் துளியாகக் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது.

லைட்டோடு இலவசமாக வருகிற, சுவரில் சொருகும் சார்ஜர்களில் நிறைய இதைச் செய்வதே இல்லை. பச்சை விளக்கு எரியும், உள்ளே கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அப்படி ஒன்றில் ராத்திரி முழுக்கக் கிடந்த செல்லை மல்டிமீட்டரில் பார்த்தேன்: 4.31 வோல்ட். கையில் எடுத்தபோது சூடு இருந்தது. இப்படி எல்லை தாண்டி ஏற்றினால் செல்லின் ஆயுள் குறையும், உள்ளே வாயு உண்டாகும், நிலைமை முற்றினால் தீப்பிடிக்கும். உங்களிடம் இருக்கிற சார்ஜர் எப்படி என்று பார்ப்பது சுலபம். ஏற்றி முடிந்ததும் செல்லை எடுத்து அரை மணி நேரம் வையுங்கள். அப்புறம் மீட்டரில் பாருங்கள். 4.15-க்கும் 4.20-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. 4.25-ஐத் தாண்டினால் அந்த சார்ஜரை அன்றோடு ஒதுக்கிவிடுங்கள்.

சரி, லீ-500-க்கு வருகிறேன். நாலு குழி. ஒவ்வொன்றும் தனித்தனியாக வேலை செய்யும், அதனால் பாதி தீர்ந்த செல்லையும் முழுதாகத் தீர்ந்த செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம். குழிக்குள் ஸ்பிரிங் வைத்த தகடு நகரும். அதை இழுத்து செல்லை உட்கார வைத்தால் திரையில் வோல்டேஜ் வரும். சில விநாடிக்குள் கரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 300, 500, 700, 1000 மில்லி ஆம்பியர். நான் ஒன்றும் தொடாமல் விட்டுவிடுவேன், தானாகவே 500-இல் ஓடும். 2500 எம்ஏஹெச் (செல் எவ்வளவு சார்ஜ் பிடித்து வைக்கும் என்கிற கணக்கு) செல் ஏற ஆறு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். மாலையில் போட்டால் பறிப்புக்கு முன் தயார். விரல் நீளத்துக்கு வரும் சின்ன 14500 செல்லுக்கு மட்டும் 300 வைக்கிறேன்.

நான் இதை இவ்வளவு தூரம் புகழ்வதற்குக் காரணம் சார்ஜ் ஏற்றுவது இல்லை, அளந்து சொல்வது. 'நார் டெஸ்ட்' (NOR TEST) என்று ஒரு முறை இருக்கிறது. செல்லை முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கி, மறுபடி ஏற்றும். இறக்கும்போது எவ்வளவு வந்தது என்பதை எம்ஏஹெச் கணக்கில் திரையில் காட்டும். ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் இதற்கே போய்விடும், பரவாயில்லை. மேலே 4200 என்று அச்சடித்த செல் ஒன்று 740 காட்டியது. பஜாரில் 9900 என்று கூடப் போட்டு விற்கிறார்கள். இந்த அளவு செல்லில் அதெல்லாம் நடக்கவே நடக்காது. நல்ல கம்பெனி செல்லே பெரும்பாலும் 3500 சுமாரில் நின்றுவிடும். அதே சமயம், 2500 என்று போட்ட சாம்சங் 25ஆர் செல் 2430 காட்டியது. பழைய லேப்டாப் பேட்டரியில் பிரித்த செல்கள் சில 1900 வரை வந்தன, அவற்றை வீட்டு டார்ச்சுக்கு வைத்துக்கொண்டேன்.

அளந்த பிறகு இரண்டாயிரத்துக்கு மேல் வந்ததற்கெல்லாம் நீல பெயிண்டில் கோடு போட்டேன். எங்கள் தோட்டத்துக்கு நெடுநாளாகப் பறிக்க வருகிற அக்கா ஒருவர், லைட்டை வாங்கியதும் மூடியைத் திறந்து பார்ப்பார். "தம்பி, நீலக் கோடு போட்டதையே எனக்குப் போட்டுக் குடு, அதான் கடைசி வரைக்கும் நின்னு எரியுது" என்பார். அவருக்கு எம்ஏஹெச் கணக்கு தேவையில்லை. கூடை நிறைகிறவரை வெளிச்சம் நிற்கிறதா என்பதுதான் கணக்கு.

திரையில் உள்தடை எண் ஒன்றும் வரும், அதாவது செல்லுக்குள்ளேயே கரண்டுக்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பது. அதை ரொம்ப நம்ப வேண்டாம். இப்படி ஸ்பிரிங்கில் பிடிக்கிற சார்ஜர் எதுவானாலும், செல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் எண் மாறும்.

நம் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லித்தியம் அயான் செல்லை 0 முதல் 45 டிகிரிக்குள்தான் ஏற்றலாம் என்பது பொதுவான வரம்பு. வேலூரில் கத்திரி வெயில் வெளியிலேயே நாற்பதைத் தாண்டுகிறது, தகர ஷெட்டுக்குள் கேட்கவே வேண்டாம். அதனால் பகலில், ஷெட்டில் ஏற்றுவதை விட்டுவிடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு வீட்டுக்குள், சிமெண்ட் தரையில், சாக்கு, கூடை, மெத்தை எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். நாலு செல்லையும் 1000-இல் போட்டால் பெட்டியே சூடாகும். அவசரம் இல்லாதபோது 500 போதும்.

இதனால் முடியாததும் உண்டு. சோலார் தோட்ட விளக்குகளில் 3.2 வோல்ட் செல் வரும். அது லித்தியம் இரும்பு பாஸ்பேட். பார்க்க அச்சு அசல் 18650 மாதிரியே இருக்கும், ஆனால் அதன் எல்லை 3.65 வோல்ட். லீ-500-இல் அதற்கான ஏற்பாடு இல்லை, போட்டால் 4.2-க்கு ஏற்றப் பார்க்கும். உறையில் 3.2 என்று இருந்தால் தொடாதீர்கள். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ செல்லை, அதாவது மறுபடி மறுபடி ஏற்றக்கூடிய பென்சில் செல்லைப் போடலாம், அதைத் தானே கண்டுகொள்ளும்.

ஜீரோ வோல்டுக்கு இறங்கிய செல்லை எழுப்பும் என்று சில சார்ஜர்களை விளம்பரம் செய்கிறார்கள். அந்த வசதிக்காக எதையும் வாங்காதீர்கள். ரொம்ப நாள் இரண்டு வோல்டுக்குக் கீழே கிடந்த செல்லில் உள்ளே இருக்கிற செம்பு கரைந்திருக்கும். மறுபடி ஏற்றும்போது அதுவே உள்ளுக்குள் ஷார்ட் ஆக வழி. பிளாஸ்டிக் உறை கிழிந்த செல்லையும் அப்படியே போடக் கூடாது. பாசிட்டிவ் முனையைச் சுற்றியிருக்கும் விளிம்பே நெகட்டிவ் என்பதால் தகடு உரசினாலே ஷார்ட் ஆகிவிடும்.

வாங்கும்போது 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் சேர்த்துத் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் அடாப்டர் இல்லாமல் சார்ஜரை மட்டும் விற்கிறார்கள். அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கட்டும். ராத்திரி மும்முனை வந்து எல்லார் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும்போது லைன் எவ்வளவு இறங்கும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நம் நாட்டுத் தரப் பதிவு எண் இருக்கிற அடாப்டராகப் பார்த்து எடுங்கள். ஒரே ஒரு லைட், அதுவும் நேராக யூஎஸ்பி வயர் சொருகுகிற மாதிரி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல செல் இரண்டு வாங்கிக்கொள்ளலாம்.